ஹெட் கேஸ்கட் போன பழைய கேம்பர் வேன்: எந்த வழியில் சரிசெய்வது?

"ஹெட் கேஸ்கட் அடிச்சிருச்சு சார்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், பெங்களூரில் அன்று சாயங்காலத்துக்குள் நாலு யோசனை வந்து சேரும். (சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும், அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கட்.) ரேடியேட்டரில் ஒரு டப்பா மருந்து ஊற்றி ஓட்டு என்பார் ஒருவர். கேஸ்கட்டை மட்டும் மாற்று, நாளைக்கே வண்டியை எடுத்துக்கொள் என்பார் இன்னொருவர். ஹெட்டை இறக்கியதுதான் இறக்கியாச்சு, முழு இன்ஜின் வேலையும் பார்த்துவிடு என்பார் மூன்றாமவர். ஷிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், ஓடின இன்ஜின் கிடைக்கும், அதைத் தூக்கி வை என்பார் நாலாமவர். நாலு பேரும் பொய் சொல்வதில்லை. அவரவர் பார்த்த ஏதோ ஒரு வண்டியில் அது பலித்திருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கேம்பர் வேன் (படுக்கை, அடுப்பு வைத்துப் பயணத்துக்கு மாற்றிய வண்டி) வைத்திருக்கும் பெரும்பாலோருக்கு இந்த நாலுமே சரிப்படாது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஹெட்டை இறக்கி மெஷின் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட், ஃபேஸிங் (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது), வால்வ் வேலை எல்லாம் முடிக்க வேண்டும். புது போல்ட்டோடு அதை ஏற்றும்போதே கூலிங் சிஸ்டம் முழுவதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும். கேஸ்கட் சும்மா போவது அரிது. ஏதோ ஒன்று இன்ஜினைக் கொதிக்க வைத்திருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்காமல் எவ்வளவு செலவு செய்தாலும் அடுத்த மலையில் வண்டி நிற்கும்.

நான் மனதில் வைத்துப் பேசுவது பழைய டெம்போ டிராவலரை. 2005 வரை பஜாஜ் டெம்போ என்ற பெயரில் இருந்து, பிறகு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆன நிறுவனத்தின் வண்டி. பழைய டிராவலர்களில் இருப்பது பென்ஸின் ஓ.எம். 616 வழி வந்த 2.4 லிட்டர் டீசல் இன்ஜின். நாலு சிலிண்டர், பிரீசேம்பர் வகை, அதாவது டீசல் முதலில் ஹெட்டில் உள்ள ஒரு சின்ன அறையில் பற்றும் வகை. பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. இதே குடும்பத்து இன்ஜின் அதே நிறுவனத்தின் மேட்டடோரிலும் டிராக்ஸிலும் ஓடியதால், உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை. மாருதி ஆம்னியைப் படுக்கை போட்டு மாற்றி வைத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. இந்த ஒரு வித்தியாசம் முடிவையே மாற்றக்கூடியது, கீழே வருகிறேன்.

கேஸ்கட்தானா என்று முதலில் பாருங்கள்

தண்ணீர் குறைகிறது, வண்டி ஹீட் ஆகிறது என்பதற்காக மட்டும் ஹெட்டை இறக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். வாட்டர் பம்ப் கசிந்தாலும், ஹீட்டர் ஹோஸில் விரிசல் விட்டாலும், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இறுகிப்போனாலும் இதே அறிகுறிகள் வரும். ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளையாக இருந்தால் உடனே பயப்படவும் வேண்டாம். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்து, நடுவில் ஐந்து நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்யும் கேம்பர்களில் உள்ளே வேர்க்கும் ஈரமே அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் அதே வெள்ளை இருந்தால் அது வேறு கதை.

உறுதியான சோதனைகள் மூன்று உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, மேல் ரேடியேட்டர் ஹோஸைக் கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் சூடாவதற்கு முன்பே ஹோஸ் கல் மாதிரி இறுகினால், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம்) தண்ணீருக்குள் போகிறது. அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிலும் அளவு ஒன்றாகக் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று கொள்ளலாம். மூன்றாவது, நீல நிறத் திரவம் உள்ள குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்துப் புகைவாயுவைத் தேடும் சோதனை. வாயு இருந்தால் திரவத்தின் நிறம் மாறும். டீசலில் இதைச் சும்மா ஐடிலில் வைத்துச் செய்தால் ஏமாந்துபோவோம். டீசல் இன்ஜின் ஐடிலில் தேவைக்கு மேல் காற்றை இழுப்பதால் அதன் புகையில் கார்பன் டை ஆக்சைடு மிகக் குறைவாகவே இருக்கும். வண்டியைக் கொஞ்சம் லோடில் ஓட்டிவிட்டு வந்து பார்க்க வேண்டும்.

மருந்து ஊற்றுவதும் கேஸ்கட்டை மட்டும் மாற்றுவதும்

ஹெட் கேஸ்கட் அடைப்பு மருந்துகள் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். சூடான விரிசல் வழியாக வெளியேறும்போது அது இறுகிக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சின்னக் கசிவைச் சில காலம் நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அது விரிசலைத் தேடிப் போய் அடைப்பதில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஹீட்டர் கோரிலும் படியும். கேஸ்கட் தண்ணீருக்கும் ஆயிலுக்கும் நடுவே கிழிந்திருந்தால் மருந்து ஆயிலிலும் கலக்கும். 2009ல் அமெரிக்க அரசு பழைய வண்டிகளை வாங்கி ஒழிக்கும் திட்டம் கொண்டுவந்தபோது, இன்ஜின்கள் திரும்ப ஓடாமல் இருக்க ஆயிலுக்குப் பதில் ஊற்றி ஓட்டியது இதே சோடியம் சிலிகேட் கரைசலைத்தான். நிமிடங்களில் பேரிங் பிடித்து இன்ஜின் நின்றுவிடும். கொல்லிமலையில் குடும்பத்தோடு மாட்டிக்கொண்டு, நாமக்கல் வரை எப்படியாவது இறங்கினால் போதும் என்ற நிலையில் யாராவது இதை ஊற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு ரிப்பேர் என்று இதை நம்பக் கூடாது.

கேஸ்கட்டை மட்டும் மாற்றுவதுதான் அதிகம் பேர் எடுக்கும் வழி, அதிகம் பேர் திரும்பி வரும் வழியும் கூட. ஹெட்டை இறக்கி, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்து, கண்ணால் பார்த்து "நல்லாதான் சார் இருக்கு" என்று சொல்லிப் புதியதை வைத்து மூடிவிடுவார்கள். கண்ணுக்கு நல்லாயிருப்பது போதாது. ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் பார்க்க வேண்டும். இந்த அளவு இன்ஜின்களில் 0.1 மில்லிமீட்டர் வளைவையே பொறுக்க முடியாத கணக்கில் வைப்பார்கள். காகிதக் கனத்தில் இருக்கும் அந்த வளைவு எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

இந்த வழி சரிவரும் நேரமும் உண்டு. கொதித்த உடனே வண்டியை நிறுத்திவிட்டீர்கள். கொதித்ததற்கு ஹோஸ் வெடித்தது போல ஒரே தெளிவான காரணம் இருக்கிறது. அளந்து பார்த்ததில் ஹெட் நேராக இருக்கிறது. அப்படியானால் வெறும் கேஸ்கட் போதும். அளந்து பார்த்தது என்பது இதில் விட முடியாத நிபந்தனை.

இரும்பு ஹெட்டும் அலுமினிய ஹெட்டும்

அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆம்னியின் ஹெட் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் இரும்பு பிளாக்கின் மேல் கேஸ்கட்டைத் தேய்த்துக்கொண்டே நகர்கிறது. அதிகமாகக் கொதித்தால் வளைந்துவிடும். ஆகவே ஆம்னிக்கு ஃபேஸிங் கிட்டத்தட்டக் கட்டாயம். ஹெட் சின்னது, சாமான் விலை குறைவு, லேத் வேலையும் எளிது. அங்கே யோசிக்க அதிகம் இல்லை.

டிராவலரின் இரும்பு ஹெட் அவ்வளவு லேசில் வளையாது. அதற்குப் பதில் வெடிப்பு விடும். இரண்டு வால்வ் சீட்டுகளுக்கு நடுவிலும், பிரீசேம்பர் துளையைச் சுற்றியும் மயிரிழை விரிசல் விடும். குளிர்ந்த நிலையில் மூடியிருந்து சூட்டில் திறந்துகொள்ளும் விரிசல்கள் உண்டு. வெறுமனே ஃபேஸ் பிடித்துப் புது கேஸ்கட் போட்டால், தண்ணீர் குடிப்பது அப்படியே தொடரும். பழி கேஸ்கட் மேல் விழும். ஆகவே இந்த இன்ஜினுக்கு ஃபேஸிங்கைவிட முக்கியமானது பிரஷர் டெஸ்ட். தண்ணீர் வழிகளை எல்லாம் அடைத்து, சுடுநீரில் மூழ்கவைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். கலாசிபாளையம், பீன்யா பக்கம் மெஷின் ஷாப்புக்கு அனுப்பும்போது இதைச் செய்வார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். இல்லை என்றால் செய்யும் இடத்துக்கு அனுப்புங்கள். விரிசல் கண்ட ஹெட்டில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் ஜாக்கிரதை. வார்ப்பிரும்பை முழுவதும் சூடேற்றி, வெல்டிங் வைத்து, மெதுவாக ஆறவிட்டால்தான் அது நிற்கும். சாதாரணமாக வைத்த வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புது விரிசல் கிளம்பும். வேறு ஹெட் வாங்குவதே நல்லது.

இந்த ஹெட்டை ஃபேஸ் பிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரீசேம்பரின் நுனி ஹெட்டின் அடிப்பரப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கழற்றாமல் மெஷினில் ஏற்ற முடியாது. இரும்பைச் சீவிய பிறகு திரும்ப வைக்கும்போது நுனி முன்னைவிட அதிகம் நீட்டும். பிஸ்டனைத் தொடாமல் இருக்க, அடியில் உள்ள சீல் வளையத்தின் கனத்தை மாற்றி அளவைச் சரிக்கட்ட வேண்டும். வால்வுகள் ஹெட்டின் பரப்புக்குள் எவ்வளவு பதிந்திருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த கடைக்காரர் நாம் சொல்வதற்கு முன்பே "பிரீசேம்பரைக் கழட்டிக் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியை வைத்தே கடையை எடை போடலாம்.

முழு இன்ஜின் வேலை எப்போது?

இதற்கு ஆதரவாக ஒரு வாதம் அடிக்கடி வரும்: மேலே ஹெட்டைப் புதுசு மாதிரி ஆக்கினால் கம்ப்ரஷன் கூடும், கீழே தேய்ந்த பிஸ்டன் ரிங் தாங்காது, ஆயில் குடிக்கும். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வால்வ் நன்றாக மூடத் தொடங்கியதும், முன்பு தெரியாத ரிங் தேய்மானம் வெளியே தெரியும். அதனால் எல்லா இன்ஜினையும் பிரித்துப் போட வேண்டும் என்று ஆகிவிடாது. ஹெட்டை இறக்கியவுடன் சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தெளிவாகத் தட்டி நிற்கும்படி ஒரு படி இருந்தால் தேய்மானம் அதிகம்; போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் சுவரில் பழைய ஹோனிங் கோடுகள் (தயாரிக்கும்போது போட்ட குறுக்குக் கீறல்கள்) இன்னும் தெரிகின்றன, ஹெட்டை இறக்குவதற்கு முன் ஆயில் மூடியைத் திறந்தபோது புகை உந்தி வரவில்லை, ஆயிலும் அதிகம் குறையவில்லை என்றால் கீழ் வேலையைத் தொடாதீர்கள். கேம்பர் வேன் வருடத்தில் ஓடும் தூரம் குறைவு. தினமும் ஓடும் ஸ்கூல் வேனுக்குச் சரியான கணக்கு இதற்குப் பொருந்தாது.

ஒரே ஒரு நிலையில் மட்டும் கீழேயும் பார்த்தே ஆக வேண்டும். தண்ணீர் ஆயிலில் கலந்த பிறகும் வண்டியை ஓட்டியிருந்தால், கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் பேரிங்கைத் தின்றிருக்கும். அப்போதும் எடுத்த எடுப்பில் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை. இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, கனெக்டிங் ராடு பேரிங் ஒன்றிரண்டைக் கழற்றிப் பார்த்தால் போதும். பரப்பு மங்கிய சாம்பல் நிறத்தில் சீராக இருந்தால் மூடிவிடலாம். செம்பு நிறம் தெரிந்தாலோ கோடு விழுந்திருந்தாலோ முழு வேலைதான்.

பணம் எப்படி வரும் என்றால், ஹெட் வேலையில் கேஸ்கட்டின் விலை சின்னப் பங்குதான். கூலியும் மெஷின் ஷாப்பும்தான் பெரியது. முழு இன்ஜின் வேலை ஹெட் வேலையைப் போலப் பல மடங்கு போகும். அந்தக் காசுக்கு வண்டி எத்தனை வருடம் ஓடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தனியார் பதிவில் 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஃபிட்னஸ் பார்க்க வேண்டும், கிரீன் டாக்ஸும் உண்டு. புதுப்பிப்பு இன்னும் நாலு வருடம் பாக்கியிருக்கும் வண்டியும், ஆறு மாதத்தில் முடியப்போகும் வண்டியும் ஒரே ரிப்பேருக்கு ஒரே தகுதி உள்ளவை அல்ல.

ஓடின இன்ஜினை வாங்கி வைப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த இன்ஜினும் நம்முடையதைப் போலவே பழையது, அதன் கேஸ்கட்டின் வயதும் அதேதான், அது எப்படிக் கொதித்தது என்று சொல்ல ஆளில்லை. ஆர்.சி.யில் இன்ஜின் எண் மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 52ஆம் பிரிவு அதைப் பற்றியது. பில் இல்லாத இன்ஜினை வாங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் க்ளெய்மிலும் மாட்டிக்கொள்வோம். பிளாக்கே உடைந்திருந்தால் ஒழிய இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

யாரிடம் கொடுப்பது?

ஷோரூம் சர்வீஸ் சென்டரில் இவ்வளவு பழைய இன்ஜினைப் பிரித்துப் பழகியவர் இப்போது இருப்பது அபூர்வம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நாமே செய்யலாமா என்றால், இரும்பு ஹெட்டை ஒரு ஆள் தூக்கக் கூடாது, டைமிங் செயினை விடாமல் பிடித்து வைக்கத் தெரிய வேண்டும், அசோசியேஷனும் விடாது. மேட்டடோர், டிராக்ஸ் காலத்திலிருந்து இந்த இன்ஜினோடு வளர்ந்த மெக்கானிக்குகள் வில்சன் கார்டன், கலாசிபாளையம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், தமிழ் பேசுபவர்கள் நிறைய. அவர்களிடம்தான் கொடுப்பேன். ஆனால் சில விஷயங்களைப் பக்கத்தில் நின்று கேட்பேன்.

பிளாக்கின் மேல் பழைய கேஸ்கட்டை எடுக்க கிரைண்டரில் எமரி டிஸ்க் போடக் கூடாது. அந்தத் தூள் ஆயில் வழியில் இறங்கினால் பேரிங் போய்விடும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் பொறுமையும் போதும். போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ நிற்கக் கூடாது. நின்றால் இறுக்கும்போது திரவம் அமுங்க இடமில்லாமல் பிளாக்கையே வெடிக்க வைக்கும். டார்க் ரெஞ்ச் காட்டும் அளவும் பொய்யாகிவிடும். கோணக் கணக்கில் இறுக்கும் போல்ட்டுகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். அளந்து பார்த்து, எல்லை தாண்டியிருந்தால் புதிது வாங்க வேண்டும். விலையைப் பார்த்தால் அளக்காமல் புதிதே வாங்கிவிடலாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். "கை கணக்கு இருக்கு சார்" என்பவரிடம் மரியாதையாக, "இருக்கட்டும் அண்ணே, ரெஞ்ச்லயும் ஒரு தடவை பாத்துருவோம்" என்று சொல்லிவிடுங்கள். கேஸ்கட்டின் மேல் சிலிகான் பேஸ்ட் பூச வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லாத வரை அதை உலர்ந்தபடியே வைக்க வேண்டும். பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட் நல்லதுதான் என்றாலும் அதற்குக் கண்ணாடி போன்ற பரப்பு வேண்டும். பழைய பிளாக்கின் மேல் சாதாரண காம்போசிட் கேஸ்கட்தான் நன்றாக உட்காரும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ஊட்டியில் இன்னும் குறைவு. ரேடியேட்டர் மூடி சரியாக அழுத்தம் பிடித்தால்தான் அந்தக் கொதிநிலை 110ஐத் தாண்டிப் போகும். மூடி கெட்டிருந்தால், 80–90 டிகிரியில் ஓடும் இன்ஜினுக்கு மிச்சம் இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. தண்ணீர் டேங்க் நூறு லிட்டர் என்றால் அதுவே நூறு கிலோ. அதற்கு மேல் கட்டில், பேட்டரி, அடுப்பு என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போகும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறும்போது அந்த இடைவெளி போய்விடும். ஆகவே ஹெட்டை இறக்கிய அதே வாரத்தில் ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து ராடு விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ்கள், ஃபேன் பெல்ட் எல்லாம் புதிது போடுங்கள். வாட்டர் பம்ப்பில் ஆட்டம் இருந்தால் அதையும் மாற்றுங்கள். "தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் ஹீட்டே ஆகாது" என்று பலர் சொல்வார்கள், எடுக்காதீர்கள். பல இன்ஜின்களில் பைபாஸ் வழி மூடாமல் போய், பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். போர்வெல் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். அந்த உப்புதான் குழாய்களை அடைக்கிறது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றுங்கள்.

கேரேஜுக்கு விடும் முன் கேஸ் சிலிண்டரை இறக்கிவிட்டு, வண்டிக்குள் விளக்கு, ஃபேன் போன்றவற்றுக்கு வைத்திருக்கும் தனி பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வையுங்கள். மே மாத ஊட்டிக்கு ஏப்ரல் கடைசியில் ரிப்பேர் வைத்தால் பிரஷர் டெஸ்ட்டைத்தான் முதலில் விட்டுவிடத் தோன்றும். மழைக்காலத்தில் வண்டி நிற்கும் வாரங்களில் இந்த வேலையை வையுங்கள். ஏற்றி முடித்ததும் டாப்பெட் அளவை (வால்வுக்கு விடும் இடைவெளியை) பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஓ.எம். 616க்குக் குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். முதல் ஓட்டத்துக்குக் கனகபுரா ரோட்டில் லோடு இல்லாமல் போய் வாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த இன்ஜினில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, அந்த மேல் ஹோஸை மறுபடி அழுத்திப் பாருங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டுமா என்பது போட்ட கேஸ்கட்டையும் போல்ட்டையும் பொறுத்தது. கேஸ்கட் கவரில் அது அச்சிட்டிருக்கும், அந்தக் கவரை மெக்கானிக்கிடமிருந்து வாங்கி வண்டியின் டேஷ்போர்டில் வையுங்கள். தொப்பூர் ஏற்றத்துக்கு அதற்குப் பிறகு போகலாம்.